கொடியில் தொங்கிய கலயம்

கொடியை விரித்துக் காட்டியதும் முதலில் சிரித்தவர் கேட்டில் நின்ற செக்யூரிட்டிதான். சிரித்த கையோடு, பர்சனல் மேனேஜர் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்து, தொப்பியைச் சரிசெய்வதுபோல முகத்தை மறைத்துக்கொண்டார்.

காலை ஒன்பது, ஒன்பதேகால் இருக்கும். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் எங்கள் கம்பி ஆலையின் வாசல். தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருந்தார்கள். கோலத்தின் மேல் வழக்கம்போல இரும்புத் தூசி படிந்திருந்தது. அன்றைக்கு வெளிநாட்டு விருந்தாளிகள் வருகிறார்கள். கடலுக்கு நடுவே இருக்கிற ஒரு சின்னத் தீவு நாடு. புதுத் துறைமுகம் கட்ட அவர்களுக்குக் கம்பி வேண்டும். எங்கள் ஆலைக்கு ஆர்டர் வேண்டும்.

வாசலில் இரண்டு கொடிக்கம்பங்கள். ஒன்றில் நம் கொடி ஏறியாயிற்று. அடுத்ததில் அவர்கள் கொடி ஏற வேண்டும். மெட்ராஸில் தேடிய கடைகளில் அந்த நாட்டுக் கொடி கிடைக்காததால், ஆலையின் பெயின்டர் மாசிலாமணி அண்ணனிடமே ஒன்றைச் செய்யச் சொல்லியிருந்தார்கள். அவர் அதை மஞ்சள் பையில் கொண்டுவந்து, எங்கள் முன்னால் விரித்துப் பிடித்திருந்தார்.

நான் அங்கே ஏன் நின்றேன் என்றால், சந்தனக் கிண்ணத்தோடு நிற்க ஒரு பெண்பிள்ளை வேண்டுமே. டிராயிங் ஆபீஸில் இருபத்தைந்து வருஷம் கோடு போட்டவளாக இருந்தாலும், விருந்தாளி வந்தால் சந்தனக் கிண்ணம் என் கைக்குத்தான் வரும். அந்தக் கடுப்பு வேறு.

கொடியில் மேல் பாதி வெள்ளை. கீழ்ப் பாதி கடல் நீலம். நடுவில் பச்சையாக ஒரு மரம், ஒரே அடிமரத்தில் இரண்டு தலை. அதுவரைக்கும் சரி. இடது தலைக்குக் கீழே, செங்கல் நிறத்தில், குண்டாக ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

"என்னய்யா இது?" என்றார் மேனேஜர்.

"கலயம் சார்."

"கலயம்னா?"

"பதனி எறக்குற கலயம் சார். பானை."

மேனேஜர் கையில் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்த படம் இருந்தது. அதை அண்ணனின் மூக்குக்கு நேராக நீட்டினார். "இதுல எங்கய்யா இருக்கு பானை?"

அண்ணன் படத்தைப் பார்க்கக்கூட இல்லை. "அதுல இல்ல சார். உட்டுட்டாங்கோ."

கொடிக்காரர்

போன வாரம் இந்தப் பத்தியில் கேண்டீன் சாம்பாரைப் பற்றி எழுதியதற்கு இரண்டு பேர் சண்டைக்கு வந்துவிட்டார்கள். ஒருவர் அப்போதைய சமையல்காரர், அவருக்குக் கோபப்பட உரிமை உண்டு. இன்னொருவர் என் வீட்டுக்காரர். "உன் சாம்பாருக்கு அது தேவலாம்" என்றார். அந்த இரண்டு பேருக்கும் மாசிலாமணி அண்ணனைத் தெரியும். ஆலையில் வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் மாசிலாமணி என்றால் கொஞ்சம் யோசிப்பார்கள். 'கொடிக்காரர்' என்றால் உடனே சிரிப்பார்கள்.

ஆலையில் நீங்கள் பார்த்திருக்கக்கூடிய எழுத்தெல்லாம் அவர் எழுத்து. 'தலைக்கவசம் அணியவும்', 'கிரேன் அடியில் நிற்காதே', 'இங்கே எச்சில் துப்பாதே'. கடைசி போர்டின் மேலேயே துப்பியிருப்பார்கள். அவர் அதையும் மாதாமாதம் துடைத்துத் திரும்ப எழுதுவார். சலித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

எங்கள் ஆலையில் ஒரு வழக்கம் இருந்தது. சுவரில் எந்த எழுத்து, எந்த அம்புக்குறி வரைந்தாலும் டிராயிங் ஆபீஸ் அளவு பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து என்னுடையது. அதனால் வாரத்தில் இரண்டு மூன்று முறையாவது அண்ணன் என் மேஜைக்கு வருவார். ப்ளூபிரிண்ட் மெஷினின் அம்மோனியா நெடியில் எங்கள் எல்லோருக்கும் கண் கரிக்கும். அவர் மட்டும் டர்பன்டைன் வாசனையோடு வந்து, அந்த நெடியையே கொஞ்ச நேரம் விரட்டிவிடுவார். "மேடம், ஒரு கையெழுத்து" என்பார். அவ்வளவுதான் பேச்சு.

இத்தனைக்கும் நாங்கள் இரண்டு பேரும் ஆரம்பாக்கம். ஒரே ஊர், ஒரே ரயில். அந்தக் காலத்தில் எங்கள் ஊரிலிருந்து ஆலைக்கு வந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். ஆனால் ஊர் ஒன்று என்றாலும் தெரு வேறு. எங்கள் அப்பாவுக்கு நெல் நிலம் இருந்தது. அண்ணனின் அப்பா எத்திராஜ் அந்த நிலத்தில் கூலிக்கு வந்தவர். நான் பாவாடை கட்டிய நாளில் அவர்கள் குடும்பமே என்னைப் 'பாப்பா' என்றுதான் கூப்பிடும். ஆலைக்கு வந்தபிறகு அண்ணன் வாயில் ஒரு நாள்கூட அந்தச் சொல் வந்ததில்லை. மேடம்தான்.

தீவில் மூன்று வருஷம்

அண்ணன் ஆலைக்கு வருவதற்கு முன்னால் அந்தத் தீவில் மூன்று வருஷம் இருந்தார். இளவட்டம். ஏஜென்ட் மூலமாகப் போய், துறைமுகத்தில் கிரேனுக்கும் கிடங்குக்கும் பெயின்ட் அடிக்கிற வேலை. போன இடத்தில் ஓய்வு நாளெல்லாம் சும்மா இருக்காமல் படகுகளுக்குப் பெயர் எழுதிக்கொடுப்பாராம். அந்த ஊர் மீனவர்களுக்கு இவர் எழுத்து என்றால் உயிர்.

அப்போது அந்த நாடு பழைய கொடியை விட்டுவிட்டுப் புதுக் கொடி வேண்டும் என்று முடிவுசெய்தது. யார் வேண்டுமானாலும் வரைந்து அனுப்பலாம், ஆனால் அந்த நாட்டுக் குடிமகனாக இருக்க வேண்டும். அண்ணனுடைய மேஸ்திரி அந்த ஊர்க்காரர். "நீ வரை, என் பேரில் அனுப்பலாம்" என்றாராம். கிடங்கின் பின்பக்கம் ஒரு பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து, ஒரே ஞாயிற்றுக்கிழமையில் அண்ணன் வரைந்து முடித்தார்.

தேர்வாகிவிட்டது. மேஸ்திரிக்கு மேடையில் மாலை. நாடெங்கும் கொடி ஏறியது. உண்மையைச் சொன்னால் தேர்வே ரத்தாகும் என்பதால் மேஸ்திரி வாயைத் திறக்கவில்லை. ஆனால் மேடையிலிருந்து இறங்கி நேராகக் கிடங்குக்கு வந்து, தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி அண்ணன் கையில் கட்டிவிட்டாராம். அந்தக் கடிகாரத்தை நான் பார்த்திருக்கிறேன். ஓடாது. ஆனாலும் தினமும் கட்டியிருப்பார்.

அந்த மரத்துக்கு அந்த நாட்டுப் பள்ளிப் புத்தகங்களில் விளக்கம் எழுதியிருக்கிறார்களாம். இரண்டு தலை என்பது இரண்டு பெரிய தீவுகள். ஒரே அடிமரம் என்பது ஒற்றுமை. ஓலை ஏன் விசிறிமாதிரி இருக்கிறது, நம் தீவில் தென்னைதானே உண்டு என்று அந்த நாட்டுக்காரர் யாரோ கேட்டதற்கு, அது கலைஞரின் கற்பனை என்று பதில் சொல்லியிருக்கிறார்கள். அண்ணன் தென்னையை வரையவே இல்லை. அவர் வரைந்தது பனை. அவருக்குத் தெரிந்த ஒரே மரம் அதுதான். கையில் பிரஷ் எடுத்து மரம் என்று நினைத்ததும் அது வந்து நின்றுவிட்டது.

நம் கொடிக்கும் இதே கதைதான் என்று எனக்குத் தோன்றும். ஒவ்வொரு ஆகஸ்டிலும் யாராவது ஒருவர் டிராயிங் ஆபீஸுக்கு ஓடிவந்து, சக்கரம் வரைந்துகொடுங்கள் மேடம் என்பார்கள். இருபத்துநான்கு ஆரம், ஒவ்வொன்றுக்கும் நடுவே பதினைந்து டிகிரி. செட்ஸ்கொயர் இருந்தால் பத்து நிமிஷ வேலை. இதை முதன்முதலில் வரைந்தவர் எந்த மேஜையில் உட்கார்ந்து, எதை நினைத்துக்கொண்டு வரைந்தாரோ என்று அப்போதெல்லாம் யோசிப்பேன். கொடிக்கு சல்யூட் அடிக்கிறோம், மிட்டாய் வாங்கிக்கொள்கிறோம். வரைந்த கையைப் பற்றி யார் கேட்டார்கள்?

ஒரே ஏற்றம், இரண்டு கலயம்

இப்போது மரத்துக்கு வருகிறேன். அந்த மரம் எங்களுடையது.

ஆரம்பாக்கத்தில் ரயில் பாதைக்குக் கிழக்கே எங்கள் நிலத்தின் வரப்பில் அது நின்றது. பனைக்குக் கிளை விடுகிற வழக்கம் கிடையாது. அது எப்படியோ பாதி உயரத்தில் இரண்டாகப் பிரிந்து, இரண்டு தலையோடு வளர்ந்துவிட்டது. சூலூர்பேட்டை வண்டியில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகக் கைநீட்டிக் காட்டுவார்கள்.

எத்திராஜ் அதில் ஏறிப் பதனி இறக்குவார். மற்ற மரங்களில் ஒரு தடவை ஏறினால் ஒரு மரத்துப் பதனி. இதில் ஒரே ஏற்றத்தில் இரண்டு மரத்துப் பதனி. அதனால் அவருக்கு அந்த மரம் என்றால் தனிப் பிரியம். சுண்ணாம்பு தடவிய கலயத்தை இறக்கி, பனையோலையை மடித்துக் குடுவையாக்கி, முதல் வாய் எனக்குத்தான் ஊற்றுவார். பக்கத்தில் அவர் மகன் மாசிலாமணி நின்றுகொண்டிருப்பார். எனக்கு ஊற்றிய பிறகுதான் அவருக்கு. அந்த இனிப்பும், ஓலையின் பச்சை வாசமும், அடியில் தங்குகிற சுண்ணாம்பின் காரலும் இப்போதும் நாக்கில் இருக்கிறது.

எனக்குப் பத்து வயசு இருக்கும்போது எங்கள் அப்பா மாட்டுக் கொட்டகை கட்டினார். உத்திரத்துக்கு முற்றிய பனை வேண்டும். வரப்பில் வேறு பனைகள் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த மரத்தின் நிழல் இரண்டு பங்கு, பயிர் எழும்ப மாட்டேன் என்கிறது என்று அப்பாவுக்கு அதன்மேல் ஒரு எரிச்சல்.

வெட்டுகிற அன்று எத்திராஜ் தோள் துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். "இந்த ஒரு மரத்த உட்ருங்க நைனா. வேற எந்த மரத்த வேணா வெட்டிக்கோங்கோ" என்றார். அப்பா கோடரிக்காரனைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நான் அப்பாவின் வேட்டியைப் பிடித்தபடி நின்றேன். எத்திராஜுக்குப் பின்னால் மாசிலாமணி அண்ணன் அரும்பு மீசையோடு நின்றார். மரம் விழுந்தபோது இடது தலையில் இன்னும் ஒரு கலயம் கட்டியிருந்தது. அது உடைந்து, பதனி வரப்பில் ஓடியது.

அடுத்த மாசமே எத்திராஜ் குடும்பத்தோடு செங்கல் சூளைக்குப் போய்விட்டார். எங்கள் நிலத்துக்கு அவர் திரும்பி வரவே இல்லை.

"எனக்குத் தெரியாது"

நான் ஆலையில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. கேண்டீனில் டீ நேரம். யாரோ ஒருவர் வம்புக்கென்றே தீவைப் பற்றிக் கேட்க, அண்ணன் கொடிக் கதையை முழுசாகச் சொல்லிவிட்டார். ஒருவரும் நம்பவில்லை.

"ஒரு நாட்டுக்கே கொடி வரைஞ்சவரு இங்க வந்து இன்னாத்துக்குக் கக்கூஸ் கதவுக்கு நம்பர் போட்டுக்கினு கீறாரு?" என்றார் ரோலிங் மில் ஃபோர்மேன்.

"அந்த மரம் மெய்யாலுமே எங்க ஊர்ல இருந்துச்சிபா" என்றார் அண்ணன்.

"பனைக்கு எங்கய்யா ரெண்டு தல? கதைக்கி ஒரு அளவு வாணாமா?"

அப்போது ஒருவர் என் பக்கம் திரும்பினார். "மேடமும் ஆரம்பாக்கம்தான? கேட்டாப் போச்சி. மேடம், அந்தமாரி ஒரு மரம் இருந்துச்சா உங்க ஊர்ல?"

முழு கேண்டீனும் என்னைப் பார்த்தது. அண்ணனும் பார்த்தார். அவர் முகத்தில் கவலையே இல்லை. கேஸ் ஜெயித்துவிட்ட ஆள் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

இருந்தது என்று சொன்னால் எங்கே இருந்தது என்பார்கள். எங்கள் நிலத்தில் என்று சொன்னால் இப்போது எங்கே என்பார்கள். அப்புறம் அப்பா, கோடரி, தோள் துண்டு எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். நூறு ஆண்களுக்கு நடுவே ஒரே பெண்ணாக அப்போதுதான் உட்காரப் பழகியிருந்தேன். இதெல்லாம் இன்றைக்கு நான் கண்டுபிடிக்கிற சமாதானம். அன்றைக்கு வாயில் வந்தது இரண்டே வார்த்தை.

"எனக்குத் தெரியாது."

கேண்டீன் அதிர்ந்தது. மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். 'கொடிக்காரர்' என்ற பெயர் அன்றைக்குத்தான் பிறந்தது. அண்ணன் டீயைக் குடித்து முடித்து, தம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். அதற்குப்பிறகு கொடியைப் பற்றியோ மரத்தைப் பற்றியோ அவர் பேசி யாரும் கேட்டதில்லை. என்னிடம் அவர் கோபப்பட்டதும் இல்லை. ரயிலில் கூட்டமாக இருந்தால் எழுந்து எனக்கு இடம் கொடுப்பார். அதுதான் எனக்குப் பெரிய பேஜாராக இருந்தது. ஒரு தடவை திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன்.

இருபது வருஷத்துக்கு மேல் இப்படியே போயிற்று. அத்தனை வருஷமும் நான் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு நாளும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பிரஷ் என் கைக்கு வந்தது

வாசலுக்குத் திரும்புவோம். மேனேஜருக்கு வியர்த்துக் கொட்டியது. கார்கள் காரனோடையைத் தாண்டிவிட்டன என்று டிரைவர் போன் செய்திருந்தார்.

"தேசியக் கொடிய்யா! ஒரு நாட்டோட கொடியில கள்ளுப் பானையத் தொங்கவிட்டிருக்கியே, ஆர்டர் கிடைக்குமா? நாளைக்கு உனக்கு இந்த கேட்டுக்குள்ள வேலை இருக்குமா?"

"கள்ளு இல்ல சார், பதனி" என்றார் அண்ணன். அந்த நேரத்திலும் அதைத் திருத்தாமல் விட அவருக்கு மனசு இல்லை.

"எதுவா இருந்தா என்ன? முதல்ல அதை அழி."

அண்ணன் கொடியை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டார். பையிலிருந்து ஒரு சின்ன டப்பா வெள்ளை பெயின்டையும் ஒரு பிரஷையும் எடுத்தார். தயாராகத்தான் வந்திருக்கிறார்! அழிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் பிரஷை என்னிடம் நீட்டினார்.

"எத வரைஞ்சாலும் டிராயிங் ஆபீஸ்தான சார் செக் பண்ணணும். மேடம் பாக்கட்டும். அவங்க தப்புன்னா அவங்களே அழிச்சிரட்டும்."

"சரி, யாராவது அழிங்க. மேடம், சீக்கிரம்!" என்றார் மேனேஜர்.

என் ஒரு கையில் சந்தனக் கிண்ணம். இன்னொரு கையில் பிரஷ். வெள்ளைத் துணியின்மேல் இருந்தது கலயம். வெள்ளை பெயின்டை நாலு இழுப்பு இழுத்தால் காணாமல் போய்விடும். நான் குனிந்து பார்த்தேன். கலயத்தின் கழுத்தில் கயிறு, விளிம்பில் சுண்ணாம்புக்காக ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு. இடது தலையில் கட்டியிருந்த அதே கலயம். விழுந்து உடைந்தது அதுதான்.

கிண்ணத்தைச் செக்யூரிட்டியின் கையில் கொடுத்தேன். பிரஷை டப்பாவின்மேல் வைத்தேன்.

"இது சரியாத்தான் இருக்கு சார்" என்றேன்.

"என்ன மேடம் நீங்களும்..."

"இந்த மரம் எங்க நெலத்துல இருந்துச்சு. ரெண்டு தலை. இவங்க அப்பா ஏறிப் பதனி எறக்குவாரு, எனக்கு ஊத்துவாரு. எங்க அப்பாதான் வெட்டிட்டாரு. வேணாம்னு கெஞ்சக் கெஞ்ச வெட்டினாரு. நான் பக்கத்துல நின்னு பாத்தேன். அன்னிக்கு கேண்டீன்ல தெரியாதுன்னு பொய் சொன்னேன்."

மேனேஜருக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் ஆலைக்கு வந்தே நாலு வருஷம். கேண்டீனாவது, மரமாவது. ஆனால் ரோலிங் மில் ஃபோர்மேன் பூங்கொத்தோடு வரிசையில் நின்றிருந்தார். அவர் பூங்கொத்தை இறக்கிப் பிடித்துக்கொண்டு அண்ணனைப் பார்த்தார். எனக்குக் குரல் உடைந்துவிட்டது. அழுதேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள், வெட்கம் என்ன.

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. கொடியின் ஓரத்தில் ஒரு நூல் பிரிந்திருந்தது, அதைக் கடித்து எடுத்துக்கொண்டிருந்தார்.

அதற்குள் கார் ஹாரன் கேட்டது. வேறு வழியில்லாமல், "ஏத்துய்யா, ஏத்தித் தொலை" என்றார் மேனேஜர். கலயத்தோடு கொடி ஏறியது.

மூன்று நாள் சண்டை

வந்தவர்கள் நாலு பேர். மூன்று பேர் நேராகச் சந்தனக் கிண்ணத்துக்கு வந்தார்கள். நாலாவதாக இறங்கியவர் நரைத்த தலையோடு ஒரு அம்மா, அவர்கள் நாட்டுப் பொதுப்பணித் துறையில் பெரிய அதிகாரி. அவர் எங்களைப் பார்க்கவே இல்லை. கொடியை அண்ணாந்து பார்த்தபடி அங்கேயே நின்றுவிட்டார். மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார்.

"இந்த மணியைப் பற்றி உங்களுக்கு யார் சொன்னார்கள்?" என்று அந்த அம்மா இங்கிலீஷில் கேட்டார்.

எங்களுக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். கொடி தேர்வுசெய்த கமிட்டியில் அவர் அப்போது டைப்பிஸ்டாம், சின்னப் பெண். முதலில் வந்த படத்தில் மரத்தின் இடது பக்கம் ஒரு மணி தொங்கியதாம். அது எந்தச் சர்ச்சின் மணி என்று கமிட்டியில் மூன்று நாள் சண்டை. ஒரு சபைக்காரர்கள் தங்கள் மணி என்றார்கள், இன்னொரு சபைக்காரர்கள் வெளிநடப்பே செய்தார்கள். கடைசியில் மணியை எடுத்துவிட்டு மரத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். மணியோடு இருந்த படம் கமிட்டியைத் தாண்டி வெளியே வரவே இல்லை.

"அந்தப் படத்தைப் பார்த்தவர்களில் இன்னும் உயிரோடு இருப்பது நான் ஒருத்திதான். இங்கே எப்படி அது பறக்கிறது?"

நான் அண்ணனைக் கைகாட்டினேன். "வரைந்தவர் இவர்" என்றேன். பிறகு அண்ணனிடம் தமிழில் எல்லாவற்றையும் சொன்னேன்.

"மணியா?" என்றார் அண்ணன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. "பதனிக் கலயம்னு சொல்லுங்க மேடம் அவங்களுக்கு."

சொன்னேன். மரத்தில் ஏறி இறக்குகிற இனிப்புச் சாறு, அதைப் பிடிக்கிற பானை என்று என் இங்கிலீஷில் சொன்னேன். அந்த அம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "மூன்று நாள் ராத்திரி பகலாக நான் டைப் அடித்ததெல்லாம் ஒரு பானைக்காகவா!"

அப்புறம் அவர் முகம் மாறியது. மேஸ்திரி இறந்து பல வருஷம் ஆகிவிட்டதாம். பதிவேட்டில் அவர் பெயர்தான் இருக்கிறது, ஊருக்குப் போனதும் எழுதிப் பார்க்கிறேன், மாற்றச் சொல்லலாம் என்றார். அண்ணன் ஓடாத கடிகாரத்தைத் தொட்டுக்கொண்டார்.

"வாணாம். மேஸ்திரி பேரே இருக்கட்டும். அவரு புள்ளைங்க கொடியப் பாத்து எங்கப்பான்னு சொல்லிக்கினு இருப்பாங்கோ. அத்த எதுக்குப் பிடுங்கணும்?"

இதற்குள் மேனேஜர் அண்ணனின் தோளில் கை போட்டிருந்தார். "எங்க ஆர்ட்டிஸ்ட்" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அரை மணி நேரத்துக்கு முன்னால் இதே ஆளைத்தான் வேலையை விட்டுத் தூக்குகிறேன் என்றார். ஆர்டர் கிடைத்தது. போகும்போது அந்த அம்மா கொடியைக் கேட்டு வாங்கிப்போனார். ரெண்டு மூணு மாசம் கழித்து அண்ணன் பேருக்கு ஒரு கவர் வந்தது, உள்ளே அந்த முதல் படத்தின் நகல். அண்ணன் வீட்டில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். போனால் முதலில் அதைக் காட்டிவிட்டுத்தான் காபி கொடுப்பார்கள்.

சூலூர்பேட்டை வண்டி

அன்று சாயங்காலம் வழக்கமான வண்டி. வழக்கத்துக்கு மாறாக உட்கார இடம் இருந்தது. எதிரெதிரே உட்கார்ந்தோம். எளாவூர் ஸ்டேஷன் தாண்டியது. அறுவடை முடிந்த வயலிலிருந்து வைக்கோல் வாசம் வந்துகொண்டிருந்தது.

"மன்னிச்சிருங்கண்ணே" என்றேன். முன்னாடியே சொல்லியிருக்க வேண்டும், அப்பா மேல் பழி வருமே என்று பயந்துவிட்டேன் என்று என்னென்னவோ உளறினேன்.

அவர் கேட்டுக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். மரம் நின்ற இடம் வரப்போகிறது என்று எனக்கும் தெரியும். இப்போது அங்கே ஒரு செல்போன் டவர்.

"நீ தெரியாதுன்னு சொன்னியே அன்னிக்கி, எனக்குக் கோவம்லாம் வரல" என்றார். "பயம்தான் வந்துச்சி. அப்பாவும் போய்ட்டாரு, கேக்கறதுக்கு ஆளு இல்ல. மரம் மெய்யாலுமே இருந்துச்சா, இல்ல நானா கற்பன பண்ணிக்கினு வரைஞ்சி, அத்தயே நம்பிக்கினு கீறனான்னு ஆயிப்போச்சி. எத்தினியோ வருசம் அந்த டவுட்டு. அந்தத் தீவுல லட்சம் பேரு அந்த மரத்துக்கு சல்யூட் அடிக்கிறான். எனக்கு மட்டும் அது இருந்துச்சான்னு தெரியல."

அவர் மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு தொடர்ந்தார்.

"போன வாரம் அந்தப் படத்தக் குடுத்து வரையச் சொன்னாங்கோ. மரத்த வரைஞ்சி முடிச்சிட்டேன். அப்பாலதான் ரோசன வந்துச்சி. கலயம் அவங்க படத்துல இல்ல. நம்ம ஊர்ல பாத்தவங்களுக்குத்தான் தெரியும். மாட்டி வெப்போம், எப்படியும் உன் கைக்குத்தான வரும்னு மாட்டினேன். வேல போனா போவுதுன்னுதான் மாட்டினேன்."

வண்டி வேகம் குறைந்தது. டவர் கடந்துபோனது. அவர் மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"வேற யாருக்காகவும் இல்ல பாப்பா. உனக்கு ஞாபகம் கீதான்னு பாக்கத்தான்."